46 மதிப்பெண் எடுத்தவர் குளியலறையில் ஏன் விழுகிறார்? பக்கவாதத்துக்குப் பிந்தைய சமநிலை மதிப்பீடு: ஒரு நிகழ்வு ஆய்வு

பக்கவாதம் வந்து நான்கு மாதமான 59 வயதுப் பெண்மணி. இடது கை கால் பலவீனம் பெரும்பாலும் தேறிவிட்டது. வீட்டுக்குள் கைத்தடி இல்லாமல் நடக்கிறார், தானே சாப்பிடுகிறார், புடவை கட்ட மட்டும் மருமகள் உதவி வேண்டும். கொண்டுவந்த பிசியோதெரபி குறிப்பில் "பெர்க் சமநிலை அளவுகோல் 46/56, விழும் அபாயம் குறைவு" என்று இருந்தது. அதற்குப் பின் ஆறு வாரத்துக்குள் மூன்று முறை விழுந்திருக்கிறார்.

மதிப்பெண் தவறாகப் போடப்படவில்லை. நான் மறுபடி செய்து பார்த்தபோதும் அதே 46தான் வந்தது. சமநிலை எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதற்கு அந்த எண் ஓரளவு பதில் சொல்கிறது. எது குறைந்திருக்கிறது, எந்தச் சூழலில் அது கைவிடுகிறது என்பதற்கு அதனிடம் பதில் கிடையாது. சிகிச்சையைத் திட்டமிட நமக்கு வேண்டியதோ இந்த இரண்டாவது பதில்தான். அதைத் தேடிப்போன வழியை முழுதாக எழுதுகிறேன். ஒரே மாதிரிச் சிக்கலோடு வந்த சிலரின் விவரங்களைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன், யாரையும் அடையாளம் காண முடியாமல் இருக்க.

பின்னணி

ஸ்கேனில் வலது தாலமஸில் ரத்தக்கசிவு. பல வருடமாகச் சரியாகக் கட்டுக்குள் இல்லாத பிரஷர், 14 வருடச் சுகர். உடலின் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் தொடு உணர்வும் மூட்டு நிலை உணர்வும் மூளைப் புறணிக்குப் போகும் வழியில் உள்ள முக்கியமான நிறுத்தம் தாலமஸ். கை கால்களை இயக்கும் நரம்பிழைகள் இறங்கும் உள்ளுறைப் பாதை அதை ஒட்டியே ஓடுகிறது. அதனால் அங்கே கசியும் ரத்தம் உணர்வையும் அசைவையும் சேர்த்தே பாதிக்கும். அசைவு குறைந்தால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். உணர்வு குறைந்திருப்பதைச் சோதித்துப் பார்த்தால் மட்டுமே தெரியும்.

மருமகள் சொன்ன ஒரு விவரத்தைத் தனியாகக் குறித்துக்கொண்டேன். "முதல் மூணு வாரம் அத்தையை உட்கார வைக்கவே முடியாதுங்க. இடது பக்கமா சாய்ஞ்சிருப்பாங்க. நாங்க நேரா நிமிர்த்தினா வலது கையைக் கட்டில்ல ஊன்றி எங்களையே தள்ளுவாங்க. 'என்னைத் தள்ளி விடாதீங்க, விழுந்துடுவேன்'னு கத்துவாங்க."

இது அடம் இல்லை. நல்ல கையாலும் காலாலும் பலவீனமான பக்கம் நோக்கித் தன்னையே தள்ளிக்கொள்வதும், யாராவது நிமிர்த்தினால் எதிர்ப்பதும் 1985இல் பேட்ரிசியா டேவிஸ் விவரித்த 'புஷர்' நடத்தை. 2000இல் ஜெர்மனியில் கார்னத் குழுவினர் இப்படிப்பட்டவர்களைச் சாய்க்கக்கூடிய நாற்காலியில் கண்ணைக் கட்டி அமர்த்திப் பார்த்தார்கள். மூளையில் பாதிப்பு உள்ள பக்கமாகச் சுமார் 18 டிகிரி சாய்ந்திருந்தபோதுதான் 'இப்போது நேராக இருக்கிறேன்' என்றார்கள் அவர்கள். பிரான்ஸில் பெரென்னூ குழுவினரின் அளவீடுகளில் அந்தச் சாய்வு எதிர்ப்பக்கமாக வந்தது. திசை பற்றிய அந்த விவாதம் எப்படிப் போனாலும், 'எது செங்குத்து' என்று உடல் வைத்திருக்கும் கணக்கு பிசகிவிடுகிறது என்பதில் இரு தரப்புக்கும் ஒத்த கருத்து. தாலமஸின் பின்பகுதி பாதிக்கப்பட்டவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் வெளிப்பார்வைக்கு மறைந்துவிடும். இந்த அம்மாவுக்கும் மறைந்துவிட்டது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

விழுந்தது எப்படி

மதிப்பீட்டில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. 'எத்தனை முறை விழுந்தீர்கள்' என்பதோடு நிறுத்திவிட்டால் ஒன்றும் கிடைக்காது. எந்த இடம், எத்தனை மணி, அந்த நேரம் கை என்ன செய்துகொண்டிருந்தது, கண் எங்கே பார்த்தது, எந்தப் பக்கம் விழுந்தார், காலில் என்ன போட்டிருந்தார், தானே எழ முடிந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். விழுந்தவரையும் கேட்க வேண்டும், பார்த்தவரையும் கேட்க வேண்டும். வலது மூளை பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் குறையைக் குறைத்தே சொல்வது வழக்கம். இந்த அம்மா "கால் வழுக்கிடுச்சு, அவ்வளவுதான்" என்றார் மூன்றுக்கும்.

முதல் முறை காலையில், குளியலறையில். நின்றபடி செம்பால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தலையில் சீயக்காய், கண் இறுக மூடியிருந்தது. இடது பக்கமாகச் சரிந்து தோள் சுவரில் மோதியது. தரை ஈரம்தான், ஆனால் கால் வழுக்கிய தடம் இல்லை என்றார் மருமகள். நின்ற இடத்திலேயே உடல் சாய்ந்திருக்கிறது.

இரண்டாவது, இரவு இரண்டு மணி வாக்கில். சிறுநீர் கழிக்க எழுந்தார். விளக்கு போட்டால் பேரப்பிள்ளைகள் விழித்துக்கொள்வார்கள் என்று போடவில்லை. கட்டிலிலிருந்து சில அடி போனதும் "தலை கிறுகிறுன்னு வந்துச்சு".

மூன்றாவது, சமையலறையில், பகல் வெளிச்சத்தில். பேரன் இடது பக்கமிருந்து "பாட்டி" என்று கூப்பிட்டிருக்கிறான். பதில் சொல்லிக்கொண்டே இடது பக்கம் திரும்பியபோது இடது கால் மிதியடியில் சிக்கியது.

ஒன்று கண் மூடிய நேரம். ஒன்று இருட்டும் படுக்கையிலிருந்து எழுந்ததும் சேர்ந்த நேரம். மற்றது பேச்சும் இடப்பக்கத் திருப்பமும் சேர்ந்த நேரம். மூன்றும் வெவ்வேறு கதவுகள். எந்த எந்தச் சோதனை தேவை என்பதை இந்த மூன்று கதைகளே முடிவு செய்தன.

படுக்கையிலும் நாற்காலியிலும் பார்த்தவை

முதலில் பிரஷர். ஐந்து நிமிடம் படுக்கவைத்துப் பார்த்தபோது 138/82. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 116/74, மூன்றாவது நிமிடத்தில் 120/76. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது நிலைமாற்றத் தாழ் அழுத்தம். இவருக்கு 22 குறைந்தது. சுகரால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கும், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது வரக்கூடியதுதான். பக்கவாத நோயாளி 'தலை சுற்றுது' என்றதும் மூளையின் மேல் பழியைப் போட்டுவிட்டு இந்தச் சின்னச் சோதனையை விட்டுவிடுகிறோம். ஒரு பிரஷர் மெஷினும் சில நிமிடங்களும் போதும்.

கண் பார்வைப் பரப்பு இரு பக்கமும் சரியாக இருந்தது. கண் ஆட்டம் இல்லை, தலையைச் சட்டென்று திருப்பிப் பார்க்கும் உள்காதுச் சோதனையிலும் குறை தெரியவில்லை. படுக்கவைத்துத் தலையைத் திருப்பித் தொங்கவிடும் சோதனையிலும் சுற்றல் வரவில்லை. அந்தப் பக்கத்தைத் தற்காலிகமாக மூடிவைத்தேன்.

அப்புறம் பாதம். கண்ணை மூடச் சொல்லி, கால் பெருவிரலைப் பக்கவாட்டில் பிடித்து மேலும் கீழும் மெல்ல அசைத்து, எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டேன். விரலின் மேலும் அடியிலும் பிடித்தால் அழுத்தத்தை வைத்தே ஊகித்துவிடுவார்கள், அதனால் பக்கவாட்டில்தான் பிடிக்க வேண்டும். இடது பெருவிரலில் பத்துக்கு நான்கு சரி. நாணயத்தைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலே ஐந்து சரியாக வரும், அதனால் இது உணர்வே இல்லாததற்குச் சமம். இடது கணுக்காலில் ஆறு, முழங்காலில் ஒன்பது. அதாவது கீழே போகப் போகத் தகவல் மங்குகிறது.

வலது பாதத்தையும் பார்த்ததுதான் இந்த மதிப்பீட்டின் திருப்பம். வலது பெருவிரலில் பத்துக்கு ஏழு. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் அதிர்வு இரண்டு பெருவிரல்களிலும் தெரியவில்லை, வலது கணுக்கால் எலும்பில்தான் தெரிந்தது. 10 கிராம் நைலான் இழையின் தொடுதலை வலது உள்ளங்காலிலும் சில இடங்களில் உணரவில்லை. வாதம் வந்தது இடது பக்கம். வலது காலை 14 வருடச் சுகர் ஏற்கெனவே பாதியாக்கி வைத்திருந்தது. 'நல்ல கால்' என்று நாமும் குடும்பமும் நம்பிக்கொண்டிருந்த கால் முழுதாக நல்ல கால் இல்லை.

தசை பலம் (5 என்றால் முழு பலம்): இடது இடுப்பைப் பக்கவாட்டில் விரிக்கும் தசைகள் 3+, முழங்கால் 4, கணுக்காலை மேலே தூக்குவது 4. கெண்டைத் தசையில் லேசான இறுக்கம், அதனால் பாதம் மேல்நோக்கி மடங்குவது 5 டிகிரிக்குத்தான். உட்கார்ந்த நிலையில் நடுவுடலைச் சோதிக்கும் ட்ரங்க் இம்பேர்மென்ட் ஸ்கேலில் 23க்கு 16. அசையாமல் உட்காருவது முழு மதிப்பெண், பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்வதிலும் இடுப்பைத் திருகுவதிலும்தான் குறைந்தது.

பெர்க்கில் 46 எப்படி வந்தது

கேத்தரின் பெர்க்கும் உடன் ஆய்வாளர்களும் 1989இல் கனடாவில் முதியோருக்காக உருவாக்கியது இந்த அளவுகோல். 14 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. ஒரு நாற்காலி, ஸ்டூல், ஸ்கேல், கடிகாரம் இருந்தால் எங்கேயும் செய்யலாம். அதனாலேயே எனக்கு இது பிடிக்கும். 45க்குக் கீழே போனால் விழும் அபாயம் என்ற கோடு ரொம்பப் பிரபலம். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த ஒற்றைக் கோடு நிலைக்கவில்லை. மதிப்பெண் இறங்க இறங்க அபாயம் கூடுகிறது என்பதுதான் சரியான வாசிப்பு. 46 எடுத்தவரைப் பாதுகாப்பானவர் என்று எழுத அதில் இடமில்லை.

இந்த அம்மா எழுவது, உட்காருவது, பிடிக்காமல் நிற்பது, இடம் மாறி உட்காருவது, தரையிலிருந்து செருப்பை எடுப்பது எல்லாவற்றிலும் நான்கு எடுத்தார். கண் மூடிப் பத்து விநாடி நிற்பதில் மூன்று: நின்றார், ஆனால் பக்கத்தில் ஆள் தேவைப்பட்டது. முழுவட்டம் சுற்றுவதில் இரண்டு. ஒரு கால் முன் ஒரு கால் வைத்து நிற்பதில் இரண்டு. ஒற்றைக்காலில் நிற்பதில் மூன்று.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். எந்தக் காலில் நிற்பது என்பதை நோயாளியின் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறது பெர்க் அளவுகோல். அவர் வலது காலைத் தேர்ந்தெடுத்தார், ஏழு விநாடி நின்றார், மூன்று கிடைத்தது. இடது காலில் நிற்கச் சொன்னால் வலது பாதத்தைத் தரையிலிருந்து எடுக்கவே முடியவில்லை. அது மதிப்பெண்ணில் எங்கும் பதிவாகாது. கண் மூடி நிற்பதும் சமமான, காய்ந்த, கெட்டித் தரையில்தான், அதுவும் பத்தே விநாடி. யாராவது இடித்தால் காலை எடுத்து வைத்துத் தாங்குகிறாரா என்று பார்க்கும் உருப்படியே அதில் இல்லை. நடையும் இல்லை. இவர் விழுந்த சூழல்களில் எதுவும் அந்த 14க்குள் முழுதாக அடங்கவில்லை.

(நேர்மாறான சிக்கலும் உண்டு. படுத்த படுக்கையாக இருக்கும் முதல் வாரங்களில் பெர்க் போட்டால் எல்லோருக்கும் பூஜ்யத்தை ஒட்டியே வரும், முன்னேற்றமே தெரியாது. அந்தக் கட்டத்துக்கு பிரான்ஸின் பெனெம் குழுவினர் 1999இல் வெளியிட்ட 'பாஸ்' அளவுகோல் மேல்: 12 உருப்படி, 36 மதிப்பெண், படுக்கையில் புரளுவதிலிருந்தே தொடங்குகிறது.)

இரண்டு எடைத் தராசு

ஒவ்வொரு காலிலும் எவ்வளவு எடை இறங்குகிறது என்று அளக்கும் விலை உயர்ந்த மேடைக் கருவி இல்லாத இடத்தில் இரண்டு எடை பார்க்கும் தராசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு காலை வைத்து நிற்கச் சொல்லலாம். முள் காட்டும் பழைய வகைதான் வேண்டும். டிஜிட்டல் தராசுகள் பெரும்பாலும் சில விநாடியில் ஓர் எண்ணைப் பிடித்து நிறுத்திவிடும், மாற்றம் தெரியாது.

மொத்த எடை 61 கிலோ. கண் திறந்தபடி வலது காலில் 38, இடதில் 23. பக்கவாதத்துக்குப் பின் பலரும் இப்படித்தான் நல்ல பக்கம் சாய்ந்து நிற்பார்கள், இதில் ஆச்சரியம் இல்லை. கண்ணை மூடச் சொன்னதும் இடது முள் ஏறத் தொடங்கியது. 25, 28, பத்து விநாடி தாண்டும்போது 32. நான் இடது பக்கம் கையை அணைத்து நின்றிருந்தேன். "எப்படிம்மா நிக்கிறீங்க?" என்றேன். "நேராத்தான் நிக்கிறேன் தம்பி" என்றார்.

குளியலறையில் நடந்தது இதேதான். புஷர் நடத்தை போய்விடவில்லை. கண் அதை மறைத்து வைத்திருந்தது. கதவு நிலை, சுவர் விளிம்பு, ஜன்னல் கம்பி என்று பார்த்து நேராக நிற்கக் கற்றிருக்கிறார். அந்தத் துணையை எடுத்தால், உடல் தன்னுடைய பழைய கணக்குக்கே திரும்புகிறது. சாய்வதைச் சொல்ல வேண்டிய உள்ளங்கால்கள் இரண்டும் வெவ்வேறு காரணத்தால் ஊமையாகிவிட்டன.

மினி பெஸ்ட் டெஸ்ட்

ஃபே ஹோரக்கும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய பெரிய சோதனையிலிருந்து 2010இல் சுருக்கி எடுக்கப்பட்டது இது. 14 உருப்படி, 28 மதிப்பெண். சமநிலையை நான்கு துண்டாகப் பிரித்துப் பார்க்கிறது என்பதுதான் இதன் பலம். இடது, வலது இரண்டையும் சோதித்து மோசமான பக்கத்தைக் கணக்கில் எடுக்கிறது என்பது இன்னொரு பலம்.

அசைவுக்கு முன்பான தயாரிப்பில் 6க்கு 3. இடது ஒற்றைக்கால் இங்கே பூஜ்யமாகப் பதிவானது.

தடுமாறினால் மீள்வதில் 6க்கு 2. இந்தச் சோதனையில் நோயாளி என் கையில் சாய்ந்து நிற்பார், நான் திடீரென்று கையை எடுப்பேன். முன்னும் பின்னும் இரண்டு மூன்று சின்ன எட்டு வைத்துத் தாங்கிக்கொண்டார். இடது பக்கம் விட்டபோது கால் அசையவே இல்லை, வெட்டிய வாழைமரம் மாதிரி அப்படியே வந்தார். தயவுசெய்து இதை இரண்டாவது ஆள் இல்லாமல், இடுப்புப் பட்டை இல்லாமல் யாரும் செய்ய வேண்டாம்.

புலன் சோதனையில் 6க்கு 3. கெட்டித் தரையில் கண் திறந்து நிற்பது முழு மதிப்பெண். 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஃபோமின் மேல் கண்ணை மூடியதும் இடது பக்கம் சரிந்தார், பிடிக்க வேண்டியதாயிற்று. ஃபோம் நடுத்தர அடர்த்தியாக இருக்க வேண்டும். மெத்தைக்குள் போடும் மெல்லிய ஸ்பாஞ்ச் காலடியில் அமுங்கித் தரையைத் தொட்டுவிடும், அப்போது சோதனைக்கு அர்த்தமில்லை. சாய்தளத்தில் கண் மூடி நிற்பதில் ஒன்று.

நடையில் 10க்கு 4. மொத்தம் 12/28. பெர்க் 56க்கு 46 என்பது 82 சதவீதம், இது 43 சதவீதம். ஒரே ஆள், ஒரே வாரம்.

நடையும் பேச்சும்

பத்து மீட்டர் நடையில் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர். 0.4க்கும் 0.8க்கும் இடைப்பட்டவர்கள் வீட்டைச் சுற்றி, தெருமுனை வரை ஓரளவு போய்வரக்கூடியவர்கள். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் போய்த் திரும்பி வந்து உட்காரும் டைம்டு அப் அண்ட் கோ 19 விநாடி. அதையே நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துச் சொல்லிக்கொண்டு செய்யச் சொன்னால் 27 விநாடி, நடுவில் நின்றுவிட்டார். மனக்கணக்கு பழக்கமில்லாதவர்களுக்கு மூன்று மூன்றாகக் கழிப்பது நியாயமான சோதனை ஆகாது என்பதால், இன்னொரு முறை சாம்பாருக்கு என்னென்ன போடுவீர்கள் என்று கேட்டபடி நடக்க வைத்தேன். அப்போதும் நின்று, பதில் சொல்லி, பிறகே நடந்தார். பேசும்போது நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் பின்னர் அதிகம் விழுந்ததை 1997இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் லான்செட் இதழில் எழுதியிருந்தார்கள். நடப்பதற்கே முழுக் கவனமும் செலவாகிறது என்பதன் அடையாளம் அது. நின்றுவிடுவதாவது ஒரு பாதுகாப்பு. நிற்காமல் திரும்பியதுதான் சமையலறையில் நடந்தது.

இடப்பக்கப் புறக்கணிப்பும், அதாவது இடது பக்கம் இருப்பதை மூளை கவனிக்காமல் விடுவதும், இருக்கிறதா என்று பார்த்தேன். தாளில் உள்ள கோடுகளை வெட்டும் சோதனையில் ஒன்றிரண்டைத்தான் விட்டார், அமைதியாக உட்கார்ந்து நேரம் எடுத்துச் செய்ததால். அதை வைத்து 'புறக்கணிப்பு இல்லை' என்று முடிவு கட்டியிருக்கலாம். ஆனால் பேசிக்கொண்டே கதவைக் கடந்தபோது இடது தோள் நிலையில் இடித்தது, திரும்ப வந்தபோதும் இடித்தது. தாள் சோதனை காட்டாததைக் கதவு காட்டியது.

விழுவது பற்றிய கவலையை அளக்கும் 16 கேள்விப் பட்டியலில் 64க்கு 24. மூன்று முறை விழுந்தவருக்கு இது ரொம்பக் குறைவான கவலை. பொதுவாக நாங்கள் பயத்தைக் குறைக்கப் பாடுபடுவோம். இவர் விஷயத்தில் பயமின்மையே அபாயம்.

வீட்டில்

வீட்டுக்குப் போய்ப் பார்க்காமல் இந்த மதிப்பீடு முடியாது என்று தோன்றியதால் போனேன். குளியலறை வாசலில் சுமார் ஒரு சாண் உயரத்துக்கு மேடு. தரையில் வழவழப்பான டைல்ஸ். குழாயும் வாளியும் இடது பக்கம், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. விளக்கின் சுவிட்ச் வெளியே, கதவுக்கு இடப்புறம். காலில் ஹவாய் செருப்பு. கூடத்தில் நடக்கும்போது இடது செருப்பு கழன்று பின்தங்கியதை அவர் உணரவே இல்லை, செருப்பில்லாமல் தொடர்ந்து நடந்தார்.

காய்ந்த தரையில், வெறும் செம்போடு குளிப்பது போலச் செய்து காட்டச் சொன்னேன். குனிந்து வாளியில் முகப்பதும் நிமிர்வதும் பிரச்சினையில்லாமல் நடந்தது. கையைத் தலைக்கு மேல் தூக்கி, முகத்தை அண்ணாந்து, கண்ணை மூடிய நொடியில் உடல் இடது பக்கம் போனது. கண் இல்லை. தலை பின்னால் சாய்ந்ததால் உள்காதின் தகவலும் தெளிவாக இல்லை. தூக்கிய கை எடையை மாற்றுகிறது. பாதம் ஏற்கெனவே ஊமை. மிச்சம் எதுவும் இல்லை. நம் வீடுகளில் அன்றாடம் செய்யும் மிகக் கடினமான சமநிலைச் செயல் நின்றபடி தலைக்கு ஊற்றிக் குளிப்பதுதான் என்று நான் நினைக்கிறேன். நாம் பயன்படுத்தும் எந்த அளவுகோலிலும் அது கிடையாது. அதனால் வாதம் வந்தவர்களை மதிப்பிடும்போது, ஆள் துணையோடு, இந்தச் செயலைத் தனியாகச் செய்து பார்க்கச் சொல்கிறேன்.

மதிப்பீடு சொன்னது

பலவீனம் இங்கே இரண்டாம் பட்சம். முதல் காரணம், கண்ணை நம்பி மட்டுமே நிற்பது: இடது காலில் வாதத்தாலும் இரண்டு பாதங்களிலும் சுகராலும் உணர்வு குறைவு, அதோடு செங்குத்துக் கணக்கில் மறைந்திருக்கும் பிசகு. இரண்டாவது, இடது பக்கம் தடுமாறினால் எட்டு வைத்து மீளும் அனிச்சை இல்லாமை. மூன்றாவது, கவனம் பிரிந்தால் வெளிப்படும் இடப்பக்கப் புறக்கணிப்பு. நான்காவது, எழுந்தவுடன் பிரஷர் இறங்குவது. இடுப்புத் தசைக்கும் முழங்காலுக்கும் மட்டும் பயிற்சி கொடுத்திருந்தால் இவற்றில் எதையும் தொட்டிருக்காது.

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரஷர் அளவீடுகளை எழுதி மருத்துவருக்கு அனுப்பினோம். அவர் சிறுநீர் பிரிக்கும் மாத்திரையைக் காலைக்கு மாற்றினார். இரவில் எழுந்ததும் கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து கணுக்காலை ஆட்டிவிட்டு நிற்பது பழக்கமாக்கப்பட்டது. குளிப்பது ரப்பர் அடியுள்ள ஸ்டூலில் உட்கார்ந்து, வலது சுவரில் கைப்பிடி, வாளி வலப்பக்கம், இரவு முழுதும் சின்ன விளக்கு, பின்பட்டை உள்ள செருப்பு. பயிற்சி வாரம் மூன்று நாள், எட்டு வாரம்: கதவு நிலையைப் பார்த்து நேராக நின்று, கண்ணை மூடி, திறந்து எவ்வளவு சாய்ந்தோம் என்று தானே பார்த்துத் திருத்துவது, ஃபோமில் நிற்பது, பக்கவாட்டில் விட்டுப் பிடித்து எட்டு வைக்கப் பழக்குவது, இடப்பக்கம் தேடிக்கொண்டே, பேசிக்கொண்டே நடப்பது.

மறுமதிப்பீடு

எட்டு வாரம் கழித்து பெர்க் 50. நான்கு கூடியிருக்கிறது. ஆனால் பக்கவாத நோயாளிகளிடம் ஐந்து முதல் ஏழு வரை மாறினால்தான் அளவீட்டுப் பிசகைத் தாண்டிய மாற்றம் என்று நம்பலாம். இதை மட்டும் வைத்து முன்னேற்றம் என்று எழுத முடியாது. மினி பெஸ்ட் 12இலிருந்து 18. அங்கே மூன்று நான்கு புள்ளி போதும், ஆறு கூடியிருப்பது உண்மையான மாற்றம். எந்த இடத்தில் கூடியது என்பது இன்னும் முக்கியம்: இடது பக்கம் விட்டால் இப்போது எட்டு வைக்கிறார், மூன்று நான்கு எட்டாக இருந்தாலும். ஃபோமில் கண் மூடி 14 விநாடி நிற்கிறார். தராசில் கண் திறந்து வலது 34, இடது 27, கண்ணை மூடினால் இடது 29 வரை போய் அங்கேயே நிற்கிறது. நின்ற மூன்று நிமிடத்தில் பிரஷர் இறக்கம் 10க்குள். இந்தக் காலத்தில் விழவில்லை. ஒருமுறை தடுமாறிச் சுவரைப் பிடித்திருக்கிறார், கோயில் வாசல் படியில், மாலை இருட்டும் நேரம்.

கவலைப் பட்டியல் 24இலிருந்து 31க்கு ஏறியிருக்கிறது. வேறொருவருக்கு இதைப் பின்னடைவு என்று எழுதியிருப்பேன். இவருக்குத் தன் நிலை புரியத் தொடங்கியிருக்கிறது என்று எழுதினேன்.

இடது பெருவிரலின் நிலை உணர்வு பத்துக்கு ஐந்து, இதுவும் ஊகத்திலேயே வரக்கூடியதுதான், அதாவது மாறவே இல்லை. வலது பாதத்தின் அதிர்வு உணர்வும் அப்படியே. கிடைத்த முன்னேற்றம் உணர்வு திரும்பியதால் வரவில்லை. இடுப்பும் கண்ணும் எட்டு வைக்கும் பழக்கமும் அந்த வேலையை எடுத்துக்கொண்டதால் வந்தது. இதைக் குடும்பத்திடம் தெளிவாகச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் மகன் கேட்ட முதல் கேள்வி, "அம்மாதான் நல்லாயிட்டாங்களே, அந்த ஸ்டூலையும் ராத்திரி லைட்டையும் எடுத்துடலாமா சார்?" என்பது. எடுக்க வேண்டாம் என்றேன். சுகர் இருக்கும்வரை பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், குளியல் உட்கார்ந்துதான். தராசுச் சோதனை, இடப்பக்க எட்டு, படுத்து எழுந்த பிரஷர் ஆகிய மூன்றையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்ப்பது என்று நோயாளிக் குறிப்பில் எழுதி, பெர்க் மொத்தத்துக்குப் பக்கத்தில் 'கண் மூடினால் இடது பக்கம் சாய்வார்' என்ற வரியையும் சேர்த்திருக்கிறேன், அடுத்துப் பார்ப்பவர் முதலில் படிக்கும் இடத்தில்.